பறித்தால் போதுமா?

1799-ஆம் வருடம், பிப்ரவரி 7. சீனாவின் சியன்லோங் சக்கரவர்த்தி தனது 87-வது வயதில் பீஜிங் அரண்மனையில் காலமானார். மூன்று வருடங்களுக்கு முன்பே சிம்மாசனத்தை மகன் ஜியாசிங்குக்குக் கொடுத்துவிட்டார். ஆனால், அதெல்லாம் பெயருக்குத்தான். அதிகாரம் கிழவரின் கையில் இருந்தது. கிழவர், ஹெஷென் என்கிற மந்திரியின் கையில் இருந்தார்.

அப்பா இறந்து ஒரு வாரம் ஆவதற்குள் மகன் அந்த மந்திரியைக் கைது செய்தார். பதினைந்தாவது நாள், அதாவது பிப்ரவரி 22 அன்று, சிறையில் இருந்த ஹெஷெனுக்கு ஒரு பட்டுத்துணி வந்து சேர்ந்தது. நீயே தூக்கு மாட்டிக்கொள் என்று அர்த்தம். துண்டு துண்டாக வெட்டிக் கொல்ல வேண்டும் என்றுதான் மற்ற அதிகாரிகள் சிபாரிசு செய்திருந்தார்கள். சம்பந்தி வீட்டு மரியாதைக்காகப் பட்டு! ஆமாம், சியன்லோங்கின் செல்ல மகளைத்தான் ஹெஷென் தன் மகனுக்குக் கட்டி வைத்திருந்தார்.

ஆசாமி போய்விட்டார். வீடு நின்றது. இன்றும் நிற்கிறது. பீஜிங் போகிற டூரிஸ்ட்டுகள் தவறாமல் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பெயர் 'கோங் வாங் ஃபூ', இளவரசர் கோங்கின் மாளிகை. அந்த வீட்டின் கதையைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி முள் மாதிரி உறுத்துகிறது. ஊரை அடித்து உலையில் போட்டவனிடமிருந்து சொத்தைப் பிடுங்கிவிட்டால் நியாயம் முடிந்துவிட்டதா?

அவசரப்பட்டு 'ஆமாம்' என்று தலையாட்ட வேண்டாம். முதலில் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஹெஷென் 1750-ல் பிறந்தவர். மஞ்சு இனத்தில் ஒரு சாதாரண ராணுவக் குடும்பம். 1772-ல் அரண்மனைக் காவல் பணி. நாலே வருடத்தில், 26 வயதில், சாம்ராஜ்யத்தின் உச்ச ஆலோசனைக் குழுவில் இடம். அந்த வேகத்தில் ஏறியவர் அப்போதே வீடும் கட்ட ஆரம்பித்தார். 1776-77 வாக்கில் தொடங்கிய வேலை. ஏரிக்கரையை ஒட்டிய அருமையான மனை. மாளிகை, தோட்டம் எல்லாம் சேர்த்து இன்றைய கணக்கில் சுமார் 60,000 சதுர மீட்டர். பதினைந்து ஏக்கர்!

சீனாவில் அந்தக் காலத்தில் கையில் காசு இருந்தால் மட்டும் இஷ்டத்துக்கு வீடு கட்டிவிட முடியாது. எல்லாவற்றுக்கும் அந்தஸ்துப்படி விதி உண்டு. மஞ்சள் ஓடு சக்கரவர்த்திக்கு. பச்சை ஓடு இளவரசர்களுக்கு. மற்றவர்களுக்குச் சாம்பல் நிறம். வாசல் கதவில் அடிக்கும் குமிழ்களுக்குக்கூட எண்ணிக்கை உண்டு. அரண்மனைக் கதவில் வரிசைக்கு ஒன்பதாக ஒன்பது வரிசை, மொத்தம் 81. முதல் நிலை இளவரசர் வீட்டில் 63. தெருவில் போகிறவன் கதவைப் பார்த்தே உள்ளே இருப்பவர் யார், எத்தனை குனிந்து கும்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். விசிட்டிங் கார்டைக் கதவில் அடித்து வைத்த மாதிரி.

மாளிகை மூன்று வரிசைகளாகப் போகிறது. நடுவில் ஒன்று, கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. ஒவ்வொன்றிலும் முற்றம், கூடம், மறுபடி முற்றம், மறுபடி கூடம். நடு வரிசை சபைக்கும் சடங்குக்கும். பக்க வரிசைகள் குடும்பம் வாழ. மூன்றையும் கடைசியில் அணைகட்டின மாதிரி மறித்துக்கொண்டு நிற்கிறது 150 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு மாடிக் கட்டடம். அதில் தொண்ணூற்று ஒன்பதரை அறைகள் என்பது ஜனங்கள் சொல்லும் கணக்கு. ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு வடிவத்தில் இருப்பதற்குக் காரணம், எந்த அறையில் எந்தப் பொக்கிஷம் என்று ஹெஷெனுக்கு அடையாளம் தெரியத்தான் என்று ஒரு கதையும் உண்டு. கதைதான். ஆனால், இப்படி ஒரு கதை கட்டத் தோன்றுகிற வீடு அது.

இந்த வீட்டில் ஹெஷெனின் உயிருக்கு உலை வைத்த பொருள்களில் ஒன்று மேற்கு வரிசைக் கூடத்தில் இருக்கிறது. மரத் தடுப்பு. நான்மு என்ற மரத்தில் செய்தது. எளிதில் உளுக்காத, மணமுள்ள அந்த மரம் அரண்மனைகளுக்கும் பெரிய ஆலயங்களுக்கும் போன மரம். சியன்லோங் தன் ஓய்வுக் காலத்துக்கென்று அரண்மனை வளாகத்துக்குள் நிங்ஷோ மாளிகை என்று ஒன்றைக் கட்டிக்கொண்டார். அதன் உள்தடுப்புகளின் டிசைனை அப்படியே காப்பி அடித்துத் தன் வீட்டில் வைத்தார் மந்திரி. எஜமானர் வீட்டு ஷோகேஸ் எனக்கும் வேண்டும் என்கிற ஆசை.

ஜியாசிங், ஹெஷென் மீது 20 குற்றங்களைப் பட்டியல் போட்டு அறிவித்தார். அந்தப் பட்டியலின் வரிசை சுவாரஸ்யமானது. முதல் குற்றம், கொள்ளை அல்ல. 1795-ல் ஜியாசிங்கை வாரிசாக அறிவிப்பதற்கு முதல் நாளே அந்த ரகசியத்தை அவரிடம் கசியவிட்டு, பரிசு கொடுத்து நல்ல பெயர் வாங்கப் பார்த்தது. அடுத்து, சக்கரவர்த்தியின் தோட்ட அரண்மனைக்குள் குதிரையில் போனது. கால் வலி என்று சொல்லிப் பல்லக்கில் அரண்மனை வாசலைத் தாண்டியது. நான்மு மரத் தடுப்பு 13-வது குற்றம். சுவருக்குள் ஒளித்து வைத்திருந்த 26,000 டேலுக்கு மேற்பட்ட தங்கமெல்லாம் அதற்கும் பின்னால்தான் வருகிறது. கிட்டத்தட்ட ஒரு டன் தங்கம், ஐயா! அது, பல்லக்குக்குப் பின்னால் நிற்கிறது.

எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. ராஜாவின் பார்வையில், திருட்டைவிடப் போட்டி பெரிய குற்றம். என் ஜனங்களிடம் எடுத்தாயா, சரி, விசாரிப்போம். என்னைப் போல வாழப் பார்த்தாயா, உயிர் தங்காது.

சரி, சொத்து என்ன ஆயிற்று? மொத்தமாக 80 கோடி டேல் வெள்ளி என்று பல காலமாக ஒரு கணக்கு சுற்றுகிறது. சரித்திரக்காரர்கள் அதை நம்புவதில்லை. ஊதிப் பெருக்கிய தொகை என்கிறார்கள். தொகை எதுவானாலும், போன இடம் தெரியும். ஏரிக்கரை மாளிகை ஜியாசிங்கின் தம்பி யோங்லினுக்குப் போனது. பாதி வீடு மட்டும், மருமகளாக வந்த இளவரசி உயிரோடு இருக்கும்வரை அவளுக்கு. புறநகரில் ஹெஷெனுக்கு ஒரு பெரிய தோட்டம் இருந்தது; இன்று பீஜிங் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஏரியும் கல் படகும் அதன் மிச்சம்தான். அதில் ஒரு பகுதி ஜியாசிங்கின் அண்ணன் யோங்ஷிங்குக்கு. தங்கம், முத்து எல்லாம் அரசாங்கத்துக்கும் அரண்மனைக்கும்.

பீஜிங் ஜனங்கள் முட்டாள்களா என்ன? ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். ஹெஷென் கீழே விழுந்தான், ஜியாசிங்குக்கு வயிறு நிறைந்தது என்பது சீனாவில் இன்றைக்கும் புழங்கும் சொலவடை.

ஒரு சின்ன உதாரணம். உங்கள் சைக்கிள் திருடு போய்விடுகிறது. போலீஸ் திருடனைப் பிடித்துவிட்டது. அவனுக்கு ஆறு மாதம் ஜெயில். பேப்பரில் போட்டோகூட வந்துவிட்டது. நீங்கள் சந்தோஷமாக வாசலில் நின்று பேப்பர் படிக்கிறீர்கள். அப்போது இன்ஸ்பெக்டரின் மச்சான் உங்கள் சைக்கிளில் பெல் அடித்துக்கொண்டு தெருவில் போகிறார்.

இப்போது சொல்லுங்கள், நியாயம் கிடைத்துவிட்டதா?

திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. வாஸ்தவம். ஆனால், திருட்டு என்பதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். எடுத்தவன் ஒருவன், இழந்தவன் ஒருவன். தண்டனை முதல் ஆளோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது ஆள் இன்னும் நடந்துதான் ஆபீஸ் போகிறார்.

பி.காம். படித்தவர்களுக்கு முதல் வருஷமே மண்டையில் ஏற்றிவிடுவார்கள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று. ஹெஷென் கணக்கிலிருந்து சக்கரவர்த்தி கணக்குக்கு மாற்றி எழுதிவிட்டால் அந்த ஒரு பதிவு டேலி ஆகிவிடும். எந்த ஆடிட்டரும் குறை சொல்ல மாட்டார். ஆனால், ஹெஷென் கணக்குக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் புரட்டினால், அங்கே யாருடைய பெயரிலும் பேரேடு திறக்கப்படவே இல்லை.

யார் அவர்கள்? கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

பீஜிங் நகரின் சுங்க வாசல் ஒன்றின் வரி வசூல் பல காலம் ஹெஷென் வசம் இருந்தது. உள்ளே வரும் சரக்குக்கெல்லாம் வரி. அது தவிர, 1780-களில் ஒரு பிரமாதமான ஏற்பாடு சூடு பிடித்தது. தவறு செய்த அதிகாரி தானே முன்வந்து வெள்ளியாக அபராதம் கட்டிவிடலாம். கட்டினால் தவறு மன்னிக்கப்படும். அந்த வெள்ளியில் பெரும்பகுதி நாட்டின் கஜானாவுக்குப் போகவில்லை. சக்கரவர்த்தியின் சொந்தச் செலவுகளைப் பார்க்கும் அரண்மனை இலாகாவுக்குப் போனது. ஏற்பாட்டை நடத்தியவர் ஹெஷென். பலன் அடைந்தவர் சியன்லோங்.

அதிகாரி அந்த அபராதத்தை எங்கிருந்து கட்டுவார்? சம்பளத்திலிருந்தா? கவர்னர் தனக்குக் கீழே உள்ளவரிடம் வாங்குவார். அவர் தாசில்தார் மாதிரி இருப்பவரிடம். அவர் கிராமத்தில். கிராமத்துக்காரனுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? நிலம்தான் இருக்கிறது. படி வழியாக இறங்கி வந்த பாரம் அவன் தலையில் நின்றுவிடும்.

1796-ல் ஹூபெய், சிச்சுவான், ஷான்ஷி பகுதிகளில் வெள்ளைத் தாமரை என்ற ரகசிய சமயக் குழுவின் கலகம் வெடித்தது. 1804 வரை எரிந்தது. அதை அடக்க ஒதுக்கிய ராணுவப் பணத்தையே தளபதிகள் சாப்பிட்டார்கள். யுத்த களத்திலிருந்து வந்த தகவல்களை ஹெஷென் அமுக்கினார். அதிகாரிகள் நெருக்கியதால்தான் ஜனங்கள் கலகக்காரர்களாக ஆனார்கள் என்பதை ஜியாசிங்கே 1799-ல் ஒப்புக்கொண்டார். ஆக, அந்த நான்மு மரத் தடுப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது ராஜாவுக்குத் தெரியாமல் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. 1793-ல் பிரிட்டிஷ் ராஜாவின் தூதராகச் சீனா போன மெக்கார்ட்னி பிரபுவை வரவேற்று உபசரித்தது இந்த ஹெஷென்தான். மெக்கார்ட்னி நமக்கும் தெரிந்தவரே; 1781 முதல் 1785 வரை சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து கவர்னர் வேலை பார்த்தவர். சீனாவில் கிழவருக்கு அடுத்தபடி யார் என்று அவருக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஹெஷெனும் இல்லை, ஜியாசிங்கும் இல்லை. ஹோங் லியாங்ஜி என்று ஒரு பண்டிதர். அரசுப் பணியில் இருந்தவர். ஹெஷெனைத் தீர்த்துக்கட்டியதும் ஜியாசிங் ஓர் ஆணை போட்டார். ஹெஷெனோடு சம்பந்தப்பட்ட மற்றவர்களைத் துருவப்போவதில்லை, பயப்படாமல் வேலையைப் பாருங்கள் என்று. அதிகாரி வர்க்கம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. ஊரே 'புது ராஜா நல்ல ராஜா' என்று கொண்டாடிக்கொண்டிருந்த 1799-ன் பிற்பகுதியில், ஹோங் லியாங்ஜி ஒரு நீளமான கடிதம் எழுதினார். ஒருவரைத் தண்டித்துவிட்டு ஏன் நிறுத்திவிட்டீர்கள், அவர் வளர்த்துவிட்டவர்கள் அப்படியே இருக்கிறார்களே, ஜனங்களின் கஷ்டம் அப்படியே இருக்கிறதே என்பது அதன் சாராம்சம்.

கடிதத்தை ராஜாவிடம் சேர்த்தவர் யார் தெரியுமா? அண்ணன் யோங்ஷிங். ஹெஷெனின் தோட்டத்தில் பங்கு வாங்கினாரே, அவரேதான்!

ஹோங் லியாங்ஜிக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதைக் குறைத்து, மேற்கு எல்லையில் இருக்கும் ஈலி என்ற இடத்துக்கு நாடு கடத்தினார்கள். 1800-ல் பீஜிங் பகுதியில் கடும் வறட்சி. மழைக்காகப் பிரார்த்தனை, கைதிகளுக்கு மன்னிப்பு என்று என்னென்னவோ செய்து பார்த்த ஜியாசிங், கடைசியில் இவரை விடுதலை செய்ய உத்தரவிட்டார். மழை பெய்தது என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் கடிதத்தை ராஜா தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டார், சரி. அதில் கேட்டதைச் செய்தாரா என்றால், இல்லை.

முதல் கேள்வி, யார் எடுத்தது? அதைக் கேட்கிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். இரண்டாவது கேள்வி, யாரிடமிருந்து எடுத்தது, அது எப்போது திரும்பிப் போகும்? அதைக் கேட்கிறவருக்கு ஈலிக்கு டிக்கெட்.

"என்ன சார் பேசுகிறீர்கள், நடைமுறையில் இது முடிகிற காரியமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோடிக்கணக்கான ஜனங்களிடம் கால் காசு, அரைக் காசாக உறிஞ்சியதை யாருக்கென்று திருப்பிக் கொடுப்பது? கஜானாவில் சேர்த்தால் எல்லோருக்கும் பொதுதானே? அதோடு, ஜியாசிங்குக்கு அப்போது ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எல்லா அதிகாரிகளையும் உள்ளே தள்ளினால் வண்டியை யார் ஓட்டுவது?

இதிலெல்லாம் உண்மை இருக்கிறது. ஜியாசிங் கெட்டவர் இல்லை. தன் அப்பாவைவிடச் சிக்கனமானவர். பரிசுப் பொருள் கொண்டுவரும் வழக்கத்தைக் குறைக்கப் பார்த்தவர். ஆனால், கஜானாவுக்குப் போவது வேறு, அண்ணன் தம்பிக்குப் போவது வேறு. கிராமத்துக்குப் பைசா பைசாவாகத் திருப்ப முடியாமல் இருக்கலாம். அந்தக் கிராமங்களின் வரியைச் சில வருடம் தள்ளுபடி செய்ய முடியுமா, முடியாதா? அண்ணன் தம்பிக்கு வீடு கொடுக்கத் தெரிந்த ராஜ்யத்துக்கு அதற்கும் வழி தெரிந்திருக்கும்.

இதை 2,300 வருடங்களுக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார். அரிஸ்டாட்டில். நீதிபதியின் வேலை என்ன என்பதற்கு அவர் ஒரு கோட்டை உதாரணம் காட்டுகிறார். சரிபாதியாக இருக்க வேண்டிய கோடு ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் குறைந்துவிட்டது. நீண்ட பக்கத்திலிருந்து வெட்டி எடுப்பது பாதி வேலைதான். வெட்டியதைக் குறைந்த பக்கத்தோடு சேர்க்க வேண்டும். அப்போதுதான் கோடு சமம். வெட்டிய துண்டை நீதிபதி தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால்? கோடு குட்டையானதுதான் மிச்சம்.

அப்படிப் பையில் போட்ட துண்டு பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு இந்த வீடே சாட்சி.

யோங்லின் அந்த வீட்டின் மேல் ரொம்ப நாளாகவே கண் வைத்திருந்தார். ஆகாயத்திலிருந்து ராஜ பதவிகள் மழைத்துளி மாதிரி கொட்டினாலும் தன் தலையில் ஒரு சொட்டு விழாது, யார் ராஜாவானாலும் ஹெஷென் வீட்டை மட்டும் தனக்குக் கொடுத்தால் போதும் என்று அண்ணன்களிடம் கேட்டாராம். கிடைத்தது. இருபது வருடம் சுகமாக வாழ்ந்தார். 1820-ல் அவர் இறந்த பிறகு மகன் தரப்பிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. எங்கள் வீட்டில் இளவரசர்கள் வைத்துக்கொள்ளக்கூடாத சாமான்கள் இருக்கின்றன, ஒப்படைத்துவிடுகிறோம் என்று. அரண்மனைகளில் வைப்பது போன்ற பெரிய தண்ணீர்த் தொட்டிகள் 54. வெண்கல விளக்குகள் 36 ஜோடி. விசேஷ வாசல் அலங்காரங்கள் 4. எல்லாம் ஹெஷென் காலத்துச் சரக்கு.

ஜியாசிங் என்ன சொன்னார்? தம்பிக்குத் தெரியாது, தெரியாமல் அப்படியே விட்டுவிட்டான் என்று முடித்துவிட்டார். ஹெஷென் வீட்டில் இருந்தபோது இந்த ஆடம்பரத்துக்குத் தலை போனது. தம்பி வீட்டில் இருந்தால் அது மறதி!

யோங்லின் வம்சத்தில் தலைமுறைக்குத் தலைமுறை பட்டம் இறங்கியது. அந்தஸ்துக்கு வீடு பெரிதாகிவிட்டது என்று அரண்மனை அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1851-ல் சியன்ஃபெங் சக்கரவர்த்தி அதைத் தன் தம்பி யீஷினுக்குக் கொடுத்தார். இளவரசர் கோங் என்பவர் இவர்தான். வீட்டுக்கு இன்றைய பெயர் வந்தது இவரால். 1860-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீஜிங்குக்குள் நுழைந்து, ராஜா ஓடிப்போனபோது, 27 வயதில் தனியாக உட்கார்ந்து சமாதானம் பேசியவர். அடுத்த வருடமே சீனாவின் முதல் வெளிநாட்டு விவகார அலுவலகத்தை ஏற்படுத்தியவர். திறமைசாலி. ஆனால், 1865-ல் அவர் மீதும் ஒரு குற்றச்சாட்டு வந்தது. லஞ்சம், ஆணவம், அதிகாரத்தைக் குவித்துக்கொள்வது, வேண்டியவர்களுக்குச் சலுகை. சொன்ன அதிகாரியிடம் ஆதாரம் கேட்டபோது உருப்படியாக எதுவும் காட்டவில்லை. ஆனாலும் பேரரசி ஸிஷிக்கு அது வசதியாக இருந்தது. பதவிகளைப் பறித்தார். ஒரு மாதத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். பறிப்பது நியாயத்துக்கான கருவியாக இருந்த காலம் போய், மிரட்டலுக்கான கருவியாகிவிட்டது.

யோங்லினின் பேரன் யீகுவாங் 1911-ல் சீனாவின் முதல் பிரதமர் ஆனார். அவர் எதற்குப் பேர் போனவர் என்கிறீர்கள்? லஞ்சத்துக்கு. ஹெஷெனைத் தூக்கில் போட்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகியும், பறித்தவர் வீட்டுப் பிள்ளையே அந்தத் தொழிலைத் தொடர்ந்தார்.

ராஜாங்கம் 1912-ல் கவிழ்ந்தது. யீஷினின் பேரன் பூவெய், இழந்த ராஜ்யத்தை மீட்கப் பணம் வேண்டும் என்று வீட்டில் இருந்த வெண்கலம், பச்சைக்கல் எல்லாவற்றையும் ஒரு ஜப்பானிய வியாபாரியிடம் விற்றார். 1913-ல் அவற்றில் பெரும்பகுதி நியூயார்க்கில் ஏலம் போனது. ராஜ்யம் வரவில்லை. வீடும் அடமானத்துக்குப் போனது. கடைசியில் ஃபூரென் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. 1949-க்குப் பிறகு இசைக் கல்லூரி, அரசு ஊழியர் குடியிருப்பு, ஏர்கண்டிஷனர் தொழிற்சாலை என்று ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தனை பேரையும் காலி செய்ய வைப்பதற்குள் சுமார் முப்பது வருடம் ஆனது. 1988-ல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. 2008 ஆகஸ்டில் மாளிகையும் முழுதாகத் திறந்தது.

அதாவது, பறிமுதல் செய்து 189 வருடங்கள் கழித்துத்தான் அந்த வீட்டுத் தோட்டத்துக்குள் சாதாரண ஆசாமி டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைய முடிந்தது. தாமதம்தான். ஆனாலும் அந்த வீட்டின் சரித்திரத்தில் நியாயத்துக்கு மிக அருகில் வரும் காரியம் அது ஒன்றுதான் என்பேன். இழந்தவர்கள் இல்லை, பேரேடும் இல்லை, பணத்தைத் திருப்ப வழியில்லை. அப்போது மிச்சம் இருப்பது இரண்டு. கதவைத் திறந்து விடுவது. கணக்கைச் சொல்வது.

கதவு திறந்துவிட்டது. கணக்கு?

தோட்டத்தில் செயற்கைக் குன்று ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஒரு குகை. உள்ளே, காங்ஷி சக்கரவர்த்தி தன் கையால் எழுதிய 'ஃபூ' என்ற எழுத்தைச் செதுக்கிய கல். 'ஃபூ' என்றால் பாக்கியம், அதிர்ஷ்டம். வௌவாலுக்கும் சீன மொழியில் அதே உச்சரிப்பு. அதனால் அந்த வீட்டில் குளம் வௌவால் வடிவம், ஒரு கூடம் வௌவால் வடிவம், உத்தரத்தில் எல்லாம் வௌவால் சித்திரம். பத்தாயிரம் பாக்கியம் உள்ள வீடு என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கல்லைப் பார்க்கத் தினமும் கூட்டம். நெருக்கியடித்துக்கொண்டு குகைக்குள் போகிறார்கள். அதிர்ஷ்டம் கொஞ்சம் தங்கள் மேலும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஆசை.

பட்டுத்துணியில் முடிந்துபோன ஒருவருடைய வீட்டில் அதிர்ஷ்டம் தேடுகிறார்களே என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், அந்தக் க்யூ பீஜிங்கில் மட்டும் இல்லை. டி.வி-யில் ரெய்டு காட்டும்போது மேஜை மேல் அடுக்கிய நோட்டுக் கட்டுகளையும் நகைகளையும் பார்த்து நாமும் கண்ணை விரிக்கிறோம். "அடேங்கப்பா, எவ்வளவு இருக்கும்?" என்பதுதான் நம் வாயில் வரும் முதல் கேள்வி. அந்தக் கேள்வியில் கோபத்தைவிடப் பொறாமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. பிடிபட்டவன் வேனில் ஏறியதும் சேனலை மாற்றிவிடுகிறோம். அந்தக் கட்டுகள் பிறகு எங்கே போயின, யாருடைய வீட்டு அடுப்பிலிருந்து வந்தன என்று கேட்க நமக்குப் பொறுமை இல்லை.

ஜியாசிங்குகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு ஹெஷெனைக் காட்டினால் போதும், ஜனங்கள் கைதட்டிவிட்டுக் கலைந்துபோவார்கள். ஹோங் லியாங்ஜி மட்டும் நின்றுகொண்டு இரண்டாவது கேள்வியைக் கேட்பார். ஒருவர் என்றால் ஈலிக்கு அனுப்பிவிடலாம். ஊரே நின்று கேட்டால் அத்தனை பேரை அனுப்ப ஈலியில் இடம் இருக்காது.

அதனால், அடுத்த முறை யாரிடமிருந்தாவது எதையாவது பறிமுதல் செய்தார்கள் என்று செய்தி வந்தால், எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். யாருடையது, எப்போது திருப்பித் தருவீர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். பதில் உடனே வராது. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.